சட்டம் நிறைவேறிய மறுநாள்

2015ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோ கனடா மக்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார். தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான், அடுத்த தேர்தலுக்குள் முறையை மாற்றிவிடுவோம் என்றார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சிக்குச் சுமார் 39.5 சதவீத வாக்கு விழுந்தது. இடங்களோ 338இல் 184 கிடைத்தன. தனிப்பெரும்பான்மை. பல கட்சியினரும் இருந்த நாடாளுமன்றக் குழு ஒன்று, ஒரு கட்சி வாங்கும் வாக்கின் அளவுக்கு ஏற்ப இடங்களைக் கொடுக்கும் விகிதாசார முறை பற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று 2016 கடைசியில் அறிக்கை கொடுத்தது. 2017 பிப்ரவரியில் அரசு அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. நாட்டில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

இதே மாற்றம் நியூசிலாந்தில் நடந்தேறியது. அங்கே 1978, 1981 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியது தொழிற்கட்சி. ஆட்சி அமைத்தது தேசியக் கட்சி. 1984இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, தேர்தல் முறையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. கட்சிக்கு ஒரு வாக்கு, தொகுதிக்கு ஒரு வாக்கு என்று ஜெர்மனியில் இருப்பது போன்ற கலப்பு விகிதாசார முறையை அது 1986இல் பரிந்துரைத்தது. இரண்டு பெரிய கட்சிகளின் தலைமைக்கும் அதில் விருப்பம் இல்லை. அந்த அறிக்கை அப்படியே கிடப்பில் போயிருக்கும். ஆனால் 1987 தேர்தல் நேரத்தில், தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பிரதமர் டேவிட் லாங்கே பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய கட்சி அதை நிறைவேற்றவில்லை. 1990இல் எதிர்க்கட்சி அதையே பிடித்துக்கொண்டு, நாங்கள் நடத்துகிறோம் என்றது. வென்ற பிறகு அவர்களாலும் பின்வாங்க முடியவில்லை. 1992இல் கருத்தறிய நடந்த வாக்கெடுப்பில் 84.7 சதவீதம் பேர் முறை மாற வேண்டும் என்றார்கள். 1993இல் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு நடந்து, 53.9 சதவீத ஆதரவோடு புதிய முறை வென்றது. 1996இலிருந்து அப்படித்தான் தேர்தல் நடக்கிறது. 2011இல் மறுபடியும் கேட்டார்கள்; 57.8 சதவீதம் பேர் இதுவே இருக்கட்டும் என்றார்கள்.

பெரிய அரசியல் சீர்திருத்தங்கள் ஆட்சியில் நடக்குமா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு நாடுகள்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் ஒரே பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபில் வந்தவை. இரண்டிலும் கேட்கப்பட்ட மாற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். அளவும் ஒன்றுதான். ஒன்றில் நடந்தது, ஒன்றில் நடக்கவில்லை. அதனால் மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து அது நடக்குமா நடக்காதா என்று தீர்மானிப்பது தவறு என்று நினைக்கிறேன். "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள். இந்த மாற்றத்தால் இழக்கப்போவது யார், முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையிலேயே இருக்கிறதா என்பது முதலாவது. சட்டம் நிறைவேறிய மறுநாள் காலையில் அதற்குக் காவல் நிற்கப்போவது யார் என்பது அடுத்தது.

கனடாவில் முடிவெடுக்க வேண்டியவரே பழைய முறையால் அப்போதுதான் பெரும்பான்மை பெற்றவர். நியூசிலாந்திலும் தலைவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் அடிக்க அந்த வாக்குறுதியைப் பயன்படுத்தி, கடைசியில் முடிவு அவர்கள் கையை விட்டு வாக்காளர் கைக்குப் போய்விட்டது. தலைவர்களின் நல்லெண்ணத்தை நம்பி அங்கே எதுவும் நடக்கவில்லை. பொருளாதாரத்தில் பெரிய மாற்றங்களைத் தேர்தலில் முன்கூட்டிச் சொல்லாமலே செய்ததில் மக்களுக்கு இரண்டு கட்சிகள் மீதும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைத்தது.

தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி கேட்கும் சீர்திருத்தங்கள்தான் எல்லாவற்றிலும் கடினமானவை. இதைப் புரிந்துகொள்ள இந்திய நாடாளுமன்றத்தின் இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1992 டிசம்பரில் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கின. மறு ஆண்டே அமலுக்கு வந்தன. பிறகு பல மாநிலங்கள் அதைப் பாதியாகவே உயர்த்தின. உலகத்தில் எங்கு பார்த்தாலும் இது மிகப் பெரிய மாற்றம். லட்சக்கணக்கான பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளுக்கு வந்தார்கள். அதே மூன்றில் ஒரு பங்கை மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் கேட்கும் மசோதா முதலில் வந்தது 1996இல். 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவைக்குள் போக முடியாமல் காலாவதியானது. கடைசியில் 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரிக்க, 2 பேர் மட்டும் எதிர்க்க, 106ஆவது திருத்தமாக நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமலாகும் என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தார்கள்.

இரண்டிலும் கொள்கை ஒன்று, பங்கு ஒன்று, வாக்களித்த அவையும் ஒன்று. முதலாவதில் விட்டுக்கொடுக்க வேண்டிய நாற்காலி வேறு யாருடையதோ. இரண்டாவதில் அது வாக்களிப்பவருடைய சொந்த நாற்காலி. இடையில் ஓடிய காலத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரும் காரணம் என்று நம்புகிறேன்.

உயர் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பின் கதையும் இந்த வகைதான். முதல் மசோதா 1968இல். நிறைவேறியது 2013 டிசம்பரில், அதுவும் 2011இல் நாடே தெருவில் இறங்கிய பிறகு. முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில். சட்டம் புத்தகத்தில் ஏறிய பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

காவல் துறைச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண மனிதர்களின் உடம்பும் மானமும் இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டிருப்பதால் எனக்கு இது அதிகம் வலிக்கிறது. இந்தியக் காவல் துறையின் அடிப்படைச் சட்டம் 1861ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆளப்படுபவர்களை அடக்கி வைக்க ஆங்கில அரசு எழுதியது. நெருக்கடி நிலைக் கொடுமைகளுக்குப் பிறகு, 1977இல் தேசியக் காவல் ஆணையம் அமைக்கப்பட்டது. தரம் வீரா தலைமையில் அது 1981க்குள் எட்டு அறிக்கைகளைக் கொடுத்தது. முக்கியமான பரிந்துரைகளை எந்த அரசும் தொடவில்லை. 1996இல் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். காவல் துறையின் மேல் அரசின் தகாத அழுத்தத்தைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம், மாநிலக் காவல் தலைவருக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாற்றங்களை முடிவு செய்யத் தனி வாரியம், காவல் துறை மீதான புகார்களுக்குத் தனி ஆணையம் என்று போகும் அந்தப் பட்டியல்.

நாட்டின் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டாகிவிட்டது. இனி என்ன தடை என்று தோன்றும். பல மாநிலங்கள் புதிய காவல் சட்டங்களை இயற்றின. பெயர்கள் எல்லாம் தீர்ப்பில் சொன்ன பெயர்கள்தான். உள்ளே போய்ப் பார்த்தால், ஆணையத்தில் அரசு நியமிப்பவர்களே நிறைந்திருப்பார்கள். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. புகார் ஆணையத்துக்கு ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. இடமாற்றம் என்பது ஆளும் கட்சியின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். ஓர் அதிகாரியை ஒரே இரவில் மாற்ற முடியும் என்பதால்தான் அவர் போனை எடுக்கிறார், சொன்னதைக் கேட்கிறார். அந்த ஆயுதத்தைக் கீழே போடு என்று அதைப் பிடித்திருப்பவரிடமே கேட்கிறோம். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது காவல் துறைச் சுதந்திரம் பேசாத கட்சி எது? ஆட்சிக்கு வந்த பின் அதைச் செய்த கட்சி எது?

இன்னொரு கோணமும் உண்டு. அந்தத் தீர்ப்பால் யாருக்கு உடனடியாக என்ன கிடைத்தது? லாக்கப்பில் அடி வாங்கியவருக்கு மறுநாளே எதுவும் மாறவில்லை. அடி வாங்காமல் தப்பிக்கப்போகும் அடுத்த மனிதருக்கு, தான் தப்பித்ததே தெரியாது. பலன் எல்லார் மேலும் மெல்லிசாகப் பரவியிருக்கிறது. இழப்போ சில பேர் கையில் கெட்டியாக இருக்கிறது. இழப்பவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும், ஒருவரையொருவர் தெரியும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பெறுபவர்களுக்கு ஒரு சங்கம்கூட இல்லை.

அதற்காகக் காவல் துறையை மாற்றவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஜார்ஜியா நாட்டில் மக்கள் போராட்டத்தால் ஆட்சி மாறிய 2003 ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த சாகாஷ்விலி அரசு, ஊழலுக்குப் பேர்போன போக்குவரத்துக் காவலர்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. புதியவர்களைச் சேர்த்து, சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சாலையில் கை நீட்டி லஞ்சம் வாங்குவது சீக்கிரத்திலேயே அநேகமாக இல்லாமல் போனது. வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த அரசுக்கு மேலே யாரும் இல்லை, கேள்வி கேட்க அமைப்பும் இல்லை. 2012இல் சிறைக் கைதிகள் சித்திரவதை செய்யப்படும் காணொளிகள் வெளிவந்தன. அடுத்த சில வாரங்களில் நடந்த தேர்தலில் ஆட்சி போனது. லஞ்சத்தை ஒழித்த அதே கை சிறைக்குள் என்ன செய்தது என்பதை ஜார்ஜியாவைப் புகழ்பவர்கள் விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

சரி, எதிர்ப்பு பலமாக இருந்தும் வென்றவை எவை? பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையைச் சொல்லலாம். போரில் நொடிந்து, கடனில் மூழ்கி, ரேஷனில் வாழ்ந்த ஒரு நாடு, எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று அறிவித்தது. இதைவிட 'நடைமுறைக்கு ஒவ்வாத' திட்டத்தை யோசிப்பதே கஷ்டம். 1946இல் மசோதா வந்தபோது கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. மருத்துவர் சங்கம் கடைசி வரை மல்லுக்கு நின்றது. 1948 தொடக்கத்தில் நடத்திய வாக்கெடுப்பில் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். சேவை தொடங்க வேண்டிய நாள் அதே ஆண்டு ஜூலை 5.

சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் என்ன செய்தார் என்பதைத்தான் ஆட்சிக்கு வர ஆசைப்படும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சிறப்பு மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்தார். குடும்ப மருத்துவர்களை மாதச் சம்பள ஊழியர்களாக ஆக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய தோழர்கள் சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. ஆனால் நோயாளி சிகிச்சைக்காகக் காசு எடுத்து வைக்கத் தேவையில்லை என்ற இடத்தில் அவர் ஓர் அங்குலமும் நகரவில்லை. எது வழி, எது இலக்கு என்று அவருக்குத் தெளிவாக இருந்தது. வழியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசினார். ஜூலைக்குள் பெரும்பாலான மருத்துவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

முதல் மாதங்களில் மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கூட்டம் அலைமோதியது. மதிப்பிட்டதைவிடச் செலவு அதிகமானது. திட்டம் தோற்றதற்கு அது அடையாளம் என்று அன்று எழுதினார்கள். என் கணக்கில் அந்தக் கூட்டம்தான் திட்டத்தைக் காப்பாற்றியது. எத்தனையோ வருஷமாக மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவிக்குத் தெளிவான பார்வை கிடைத்த அன்றே, அந்தச் சட்டத்துக்கு அவள் காவலாகிவிட்டாள். 1951இல் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வந்தபோது பெவன் பதவி விலகினார். அதே ஆண்டு கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்குத் திரும்பியது. எதிர்த்து வாக்களித்த அந்தக் கட்சி, சுகாதார சேவையைக் கலைக்கவில்லை. கலைத்திருக்கவும் முடியாது.

அமெரிக்காவில் இதே பாடம் வேறு விதமாக நடந்தது. 1993இல் கிளின்டன் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1,342 பக்க மசோதாவாக வந்து, அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாக்கெடுப்புக்கே போகாமல் முடிந்துபோனது. 2010 மார்ச்சில் ஒபாமாவின் சட்டம் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினரின் வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2014 ஜனவரியில்தான் தொடங்கின. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தச் சட்டத்துக்கு எதிரிகள் மட்டுமே இருந்தார்கள். பயனடைந்தவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்பது போன்ற சிலவற்றை மட்டும் முதல் ஆண்டிலேயே கொடுத்திருந்தார்கள். 2013 அக்டோபரில் பதிவு செய்யும் இணையதளம் தொடங்கிய அன்றே முடங்கியது. அந்த நேரத்தில் ஆட்சி மாறியிருந்தால் சட்டம் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். 2017இல் ஆட்சி மாறியபோது சுமார் 2 கோடிப் பேர் புதிதாகக் காப்பீடு பெற்றிருந்தார்கள். ரத்து செய்யும் முயற்சி அந்த ஜூலையில் செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. இரண்டே வாக்கு.

அதனால்தான் மசோதா எழுதுபவர்களிடம் என் முதல் கோரிக்கை: பலனைப் பின்னால் தள்ளி வைக்காதீர்கள். செலவைக் குறைத்துக் காட்டவும் நிர்வாகத்துக்கு அவகாசம் கொடுக்கவும் அமலாகும் தேதியைத் தள்ளிப்போடுவது எளிது. ஆனால் அந்த இடைவெளியில்தான் எதிர்ப்பவர்கள் ஒன்று கூடுகிறார்கள்.

ஸ்டாக்ஹோம் நகரம் இதைத் தலைகீழாகச் செய்தது. நகருக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வசூலிக்கும் யோசனையைப் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்திக் காட்டினார்கள். போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகர மக்கள் சிறிய பெரும்பான்மையில் ஆதரித்தார்கள். 2007இல் நிரந்தரமானது. மனத்தை மாற்றியது பிரசாரம் அல்ல, காலியான சாலை.

மக்கள் தயாராக இல்லை என்ற வாதம் வரும்போது அதே ஸ்வீடனின் இன்னொரு கதையையும் சொல்வேன். சாலையில் இடப்பக்கம் போவதை விட்டு வலப்பக்கம் போகலாமா என்று 1955இல் கேட்டபோது சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1963இல் நாடாளுமன்றம் மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தது. நான்கு ஆண்டுகள் தயாரித்தார்கள்: சந்திப்புகள், குறிகள், பேருந்துகளின் கதவுகள், பள்ளிப் பாடம் என்று எல்லாம். 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் பக்கம் மாறியது. பெரிய விபத்து இல்லை. இங்கே தள்ளிப்போட்டது சரியாக இருந்தது, ஏனென்றால் அந்த நான்கு ஆண்டுகளும் வேலை நடந்தது. யாருடைய அதிகாரமும் இதில் பறிபோகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் நிர்வாகப் பிரச்சினையாக இருந்தால் எவ்வளவு பெரியதையும் திட்டமிட்டு முடிக்கலாம்.

இழப்பவர்களுக்கு ஈடு கொடுத்து அவர்களைச் சம்மதிக்க வைப்பதும் ஒரு வழி. இந்தியாவின் சரக்கு, சேவை வரி அப்படித்தான் சாத்தியமானது. 2006 பட்ஜெட் உரையில் 2010இல் வரும் என்று அறிவித்தது 2017 ஜூலையில் வந்தது. தங்கள் வரி விதிக்கும் உரிமையை விட்டுத்தர மாநிலங்கள் தயங்கின. வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று கணக்கிட்டு, குறைவதை ஐந்து ஆண்டுகளுக்கு ஈடு செய்வோம் என்று சட்டத்திலேயே எழுதிய பிறகுதான் நகர்ந்தது. நியாயமான பேரம்தான். ஆனால் இந்த வழிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. 1833இல் பிரிட்டன் தன் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஈடு கொடுத்தது. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம் அது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. போதாததற்கு 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானர்களிடமே வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். அந்த ஈட்டுத் தொகை இல்லாமல் மசோதா நிறைவேறியிருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. ஒரு சீர்திருத்தம் வென்றது என்று சொல்வதற்கு முன், விலையை யாருக்குக் கொடுத்தார்கள், யாரிடம் வாங்கினார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. சிலி நாட்டில் 2020இல் 78 சதவீதம் பேர் புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்றார்கள். 388 பிரிவுகளோடு வரைவு வந்தது. 2022 செப்டம்பரில் சுமார் 62 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு வலதுசாரிகள் எழுதிய இரண்டாவது வரைவும் தோற்றது. முதல் வரைவில் நல்லவை நிறைய இருந்தன. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எதிர்ப்பாளர் இருந்தார். ஆதரிக்க ஒருவர் முழுவதையும் ஏற்க வேண்டும், எதிர்க்க ஒன்றே போதும்.

இதையெல்லாம் பார்த்து, அப்படியானால் சின்னதாகக் கேட்போம், படிப்படியாகப் போவோம் என்று முடிவுக்கு வருபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1838இல் இங்கிலாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தினர் ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு, ரகசிய வாக்கு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1839, 1842, 1848 என்று மூன்று முறை மனு கொடுத்தார்கள். மூன்று முறையும் நாடாளுமன்றம் தள்ளியது. பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இயக்கம் கலைந்தது. பிறகு 1858இல் சொத்துத் தகுதி போனது. 1872இல் ரகசிய வாக்கு வந்தது. 1885இல் ஏறக்குறைய சம அளவுத் தொகுதிகள், 1911இல் சம்பளம், 1918இல் ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு. ஆறில் ஐந்து. அவர்கள் ஆறையும் கேட்டிருக்காவிட்டால் எது நியாயம், எது மிதமானது என்ற அளவுகோலே நகர்ந்திருக்காது. ஆட்சியில் இருப்பவர் பெவனைப் போல் பேரம் பேசலாம், பேச வேண்டும். வெளியில் இருந்து கேட்பவர் அந்தப் பேரத்தை முன்கூட்டியே தன் மனத்துக்குள் முடித்துவிடக் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மேலே சொன்ன எல்லாமே அதில் இருக்கின்றன. ராஜஸ்தானில் கூலி சரியாகக் கிடைக்காத கிராமத் தொழிலாளர்கள், வருகைப் பதிவேட்டின் நகலைக் காட்டு என்று கேட்டதில் அந்த இயக்கம் வளர்ந்தது. 1996இல் பியாவரில் நாள்கணக்காகத் தர்ணா இருந்தார்கள். சில மாநிலங்கள் சொந்தச் சட்டம் போட்டன. 1997இல் தமிழ்நாடும் போட்டது. 2002இல் மத்தியில் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அமலாகும் தேதியை அரசு அறிவிக்கவே இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் போனது. 2005 சட்டத்தை எழுதியவர்கள் இதைப் பார்த்தவர்கள். நிறைவேறி 120ஆவது நாளில் தானாகவே அமலாகும் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். 2005 அக்டோபர் 12இல் அமலானது.

அதன் மற்ற பிரிவுகளும் அதே கவனத்தோடு எழுதப்பட்டவை. ஏன் கேட்கிறாய் என்று அலுவலகம் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம். அதைத் துறை கட்டாது, பொதுத் தகவல் அலுவலர் தன் கைக்காசில் கட்ட வேண்டும். இந்தக் கடைசி வரிதான் கோப்பை நகர்த்தியது. இதைக் காக்க அரசு தேவையில்லை, மனு எழுதத் தெரிந்த எவரும் போதும். முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது, ரேஷன் எங்கே போனது, என் விடைத்தாளைக் காட்டு என்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மனுக்கள் போயின. அடுத்த ஆண்டே, 2006இல், கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, சட்டத்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு அதைக் கைவிட்டது.

2019இல் வேறு வழியாக வந்தார்கள். தகவல் மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே விதிகள் மூலம் தீர்மானிக்கலாம் என்று திருத்தினார்கள். முன்பு அவை சட்டத்திலேயே உறுதியாக இருந்தன. மனு போடுபவரின் உரிமையில் கை வைக்கவில்லை. தீர்ப்புச் சொல்பவரின் சுதந்திரத்தில் கை வைத்தார்கள். மனு போடுபவருக்கு அன்று எந்த மாற்றமும் தெரியவில்லை, எதிர்ப்பும் 2006 அளவுக்கு எழவில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதற்குள் ஒரு சின்னப் பிரிவாக, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவும் மாற்றப்பட்டது. தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த சொற்கள் போய்விட்டன. ஓர் அதிகாரியின் பெயரோ, பயனாளிகள் பட்டியலோ 'தனிப்பட்ட தகவல்' என்று மறுக்கப்படலாம். வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்ட அந்த ராஜஸ்தான் தொழிலாளிக்கு இன்று அதே காரணத்தைச் சொல்லி மறுத்தால், பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2) என்ற இன்னொரு பிரிவு மட்டும்தான் அவர் பக்கம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லி வாதாடி உத்தரவு வாங்க, அவர் போய் நிற்க வேண்டியதும் 2019இல் சுதந்திரம் குறைக்கப்பட்ட அதே ஆணையர்கள் முன்னால்தான்.